விலையும் விருப்பும்: கருத்தடை மாத்திரை பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

1

ஒரு செயலைச் செய்யச் சட்டம் இடந்தருகின்றது. ஆயின் அச்செயலுக்கு வேண்டிய பொருள் கையில் இல்லை. இந்நிலையிலுள்ள ஒருவர் அச்செயலைச் செய்யும் சுதந்திரம் உடையவரா, இல்லாதவரா? மெய்யியலாளர் நெடுங்காலமாக விவாதித்து வரும் இவ்வினா பெரும்பாலும் அருவமான எடுத்துக்காட்டுகளைக் கொண்டே ஆராயப்படுவதுண்டு. அதனை மிகச் சிறியதொரு பொருளை, ஒரு மாதத்துக்குரிய இருபத்தெட்டு மாத்திரைகள் அடங்கிய அட்டை ஒன்றை, முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மருத்துவக் காப்புறுதி இல்லாத பெண் ஒருத்தி கருத்தடை மாத்திரையை இணையத்தின் வழியாக வாங்கும்போது செலுத்தும் விலை எத்தகையது, அதனை அவள் மட்டுமே தாங்கவேண்டும் என்பது நீதியாகுமா என்பனவே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினாக்கள்.

இவ்வினாக்களின் கூர்மையை உணர்வதற்கு அப்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1873 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய கொம்ஸ்ரொக் சட்டம், கருத்தடைச் சாதனங்களையும் அவை பற்றிய எழுத்துகளையும் ஆபாச நூல்களோடு ஒருசேர வைத்து, அவற்றை அஞ்சலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 1971 இலேயே, கருத்தடை பற்றிய சொற்கள் அச்சட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. இதனிடையே 1960 இல் ‘எனோவிட்’ எனும் மாத்திரை கருத்தடை மருந்தாக அரச அங்கீகாரம் பெற்றது. கருத்தடை முறைகளைக் கையாளும் உரிமை மணமானவர்க்கு உண்டென அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1965 இலும், மணமாகாதவர்க்கும் அது உண்டென 1972 இலும் தீர்ப்பளித்தது. ஒருகாலத்தில் இப்பொருளை ஏற்றிச் செல்வதற்கே தடுக்கப்பட்டிருந்த அஞ்சற் சேவை இன்று அதனை வீட்டு வாயிலிற் கொண்டுவந்து சேர்க்கின்றது.

ஒரு பெண்ணுக்கும் இம்மாத்திரைக்கும் இடையே மூன்று வாயில்கள் இருந்தன எனலாம். முதலாவது சட்டத்தின் வாயில். அது மேற்கூறியவாறு படிப்படியாகத் திறக்கப்பட்டது. இரண்டாவது வைத்தியரின் வாயில். மருந்துச் சீட்டின்றி மாத்திரை பெறமுடியாது என்பது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலவிய விதி. 2023 ஜூலையில் நோர்ஜெஸ்ற்றெல் எனும் ஓமோனை மட்டும் கொண்ட ‘ஓப்பில்’ எனும் மாத்திரையைச் சீட்டின்றி விற்கலாமென அனுமதி வழங்கப்பட்டது. 2024 மார்ச்சில் அது விற்பனைக்கு வந்தது. எனவே இரண்டாம் வாயிலும் ஓரளவு திறந்துவிட்டது. மூன்றாவதான விலையின் வாயில் மட்டும் முன்னைய இரண்டும் நின்ற இடத்தில் நிற்கின்றது. இவ்வாயிலுக்குக் காவலர் எவரும் இல்லாமையால் இது வாயில் என்றே பலராலும் எண்ணப்படுவதில்லை.

2

விலை என்பது வெறும் எண்ணன்று. அது யார் கையிலிருந்து செல்கின்றது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகின்றது. இணையத்தின் வழியாக மாத்திரை வாங்குதல் இருவகைப்படும். முதலாவது வகையில், வாங்குபவள் தன் வயது, நோய் வரலாறு, இரத்த அழுத்தம் முதலியவை பற்றிய வினாக்களுக்கு விடையெழுதி அனுப்புகின்றாள். நிறுவனத்தின் வைத்தியர் ஒருவர் அவற்றைப் படித்துச் சீட்டெழுதுகின்றார். மாத்திரை அஞ்சலில் வருகின்றது. காப்புறுதி இல்லாதவள் மாத்திரையின் விலையோடு ஆலோசனைக் கட்டணத்தையும் பெரும்பாலும் தானே செலுத்தவேண்டும். பழைய மருந்துகளின் மலிவான வடிவங்கள் மாதத்துக்கு 15 டொலர் அளவிலும் கிடைக்கின்றன. 50 டொலர் வரையுள்ளவையும் உண்டு. தனி வணிகப் பெயரோடு விற்கப்படும் புதிய வகைகள் சில 100 டொலரையும் கடந்து செல்கின்றன. இரண்டாவது வகை, சீட்டு வேண்டாத மாத்திரையை நேரே வாங்குதல்.

இவ்விரண்டாவது வகையின் விலைப்பட்டியல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஓப்பில் விற்பனைக்கு வந்தபோது அதன் உற்பத்தியாளர் அறிவித்த விலை ஒரு மாதத்துக்கு 19.99 டொலர், மூன்று மாதத்துக்கு 49.99 டொலர், அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் வாங்குவோர்க்கு ஆறு மாதத்துக்கு 89.99 டொலர். இதனை ஆண்டுக் கணக்கில் வைத்து நோக்கினால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாங்குபவள் ஏறத்தாழ 180 டொலரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குபவள் 200 டொலரும், மாதந்தோறும் வாங்குபவள் 240 டொலரும் செலுத்துகின்றனர். மாதந்தோறும் வாங்குபவள் யார்? ஒரேமுறையில் 90 டொலரை எடுத்து வைக்க இயலாதவளே. ஆகவே ஒரே பொருளுக்கு வறியவள் செல்வமுடையவளைவிட ஆண்டுக்கு 60 டொலர் கூடுதலாகச் செலுத்துகின்றாள். இதில் எவருடைய தீய நோக்கமும் இல்லை. மொத்தமாக வாங்குவோர்க்கு விலையைக் குறைத்தல் வணிகத்தின் பொது வழக்கமே. ஆயினும் வழக்கம் என்பதனால் அதன் விளைவு நீதியுடையதாகிவிடாது.

அமெரிக்க மத்திய சட்டம் விதித்துள்ள மிகக்குறைந்த கூலி 2009 ஆம் ஆண்டு முதல் மணிக்கு 7.25 டொலராகவே இருந்து வருகின்றது. பல மாநிலங்கள் இதனிலும் உயர்ந்த கூலியை விதித்துள்ளன; ரெக்சாஸ், மிசிசிப்பி முதலிய மாநிலங்களில் மத்திய அளவே நடைமுறையில் உள்ளது. அக்கூலிக்கு உழைப்பவள் ஒரு மாத அட்டைக்காக ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிநேரமும், ஓராண்டுக்காக முப்பத்துமூன்று மணிநேரமும் உழைக்கவேண்டும். மணிக்கு 70 டொலர் பெறுபவளுக்கு ஓராண்டின் மாத்திரை மூன்றரை மணிநேரத்துக்கும் குறைந்த உழைப்பே. விலைச்சீட்டிலுள்ள எண் இருவர்க்கும் ஒன்று. வாழ்க்கையிலிருந்து அது எடுத்துக்கொள்ளும் பகுதி ஒன்றன்று.

மேலும் இப்பொருள் ஏனைய நுகர்பொருள்களைப் போன்றதன்று. புதிய காலணி வாங்கப் பணமில்லாதவர் அடுத்த மாதம்வரை பொறுத்திருக்கலாம். மாத்திரையோ நாள்தோறும் உட்கொள்ளப்பட வேண்டியது. நோர்ஜெஸ்ற்றெல் மாத்திரையை வழக்கமான நேரத்துக்கு மூன்று மணிநேரத்துக்கு மேல் பிந்தி உட்கொண்டாலே அதன் காப்பு ஐயத்துக்குரியதாகின்றது. சம்பள நாளுக்கும் மாத்திரை தீரும் நாளுக்கும் இடையே ஒருவாரம் விழுந்துவிடின், அவ்வாரத்தில் அவள் காப்பின்றி இருக்கின்றாள். கலிபோர்னியாவில் அரச உதவியோடு மாத்திரை பெற்ற பெண்கள் பற்றி 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டுக்குரிய மாத்திரைகளை ஒரேமுறையிற் பெற்றவர்களிடையே கருத்தரிக்கும் வாய்ப்பு, ஒரு மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ உரியவற்றைப் பெற்றவர்களைவிட 30 வீதம் குறைவாக இருந்தது எனக் கண்டது. இடையறாது கையில் இருத்தலே இம்மருந்தின் பயனிற் பெரும் பகுதி என்பது இதனாற் புலனாகும்.

3

இவ்விலையைத் தாமே செலுத்துவோர் யாவர் என்பதை அடுத்து நோக்குதல் வேண்டும். 2010 இல் இயற்றப்பட்ட மருத்துவக் காப்புறுதிச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியாக, 2012 முதல் பெரும்பாலான காப்புறுதித் திட்டங்கள் கருத்தடை முறைகளுக்கு உறுப்பினரிடம் கட்டணம் பெறலாகாது என விதிக்கப்பட்டது. காப்புறுதி உடையவளுக்கு மாத்திரையின் விலை இதனாற் சுழியமாயிற்று. ஆயின் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணக்குப்படி 2023 இல் ஆண்டு முழுவதும் காப்புறுதியின்றி இருந்தோர் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பேர். வறியோர்க்கான அரச மருத்துவ உதவியை விரிவாக்குவதா இல்லையா என்பதை மாநிலங்களே தீர்மானிக்கலாமென 2012 இல் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரெக்சாஸ், புளோரிடா உட்படச் சில மாநிலங்கள் விரிவாக்க மறுத்தன. குடியுரிமைப் பத்திரங்கள் இன்றி அந்நாட்டில் வாழ்வோர் சீர்திருத்தச் சட்டத்தின் காப்புறுதிச் சந்தையிற் பங்குபற்ற முடியாது. இவர்களுட் பலர் நாள் முழுவதும் உழைப்போர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

காப்புறுதி இருந்தும் அதனைப் பயன்படுத்த முடியாதவர்களும் உளர். பெற்றோரின் அல்லது கணவனின் காப்புறுதியில் உறுப்பினராயுள்ள பெண் மாத்திரை பெற்றால், அதன் கணக்கு விவரம் காப்புறுதிக்கு உரியவரின் முகவரிக்குச் செல்லக்கூடும். அச்செய்தி வீட்டிற் படிக்கப்படுவதை விரும்பாதவள் தன் பணத்தையே கொடுத்து இணையத்தில் வாங்குகின்றாள். அவள் கொடுக்கும் விலை மருந்தின் விலை மட்டுமன்று, இரகசியத்தின் விலையுமாகும்.

மற்றுமொரு முரண்பாடும் இங்கே குறிப்பிடத்தக்கது. மத்திய விதிகளின்படி காப்புறுதி நிறுவனம் சீட்டின்றி வாங்கும் மாத்திரைக்குப் பணம் செலுத்தக் கட்டுப்பட்டதன்று. இதனை மாற்றுவதற்கு 2024 ஒக்ரோபரில் முன்மொழியப்பட்ட விதி 2025 ஜனவரியில் மீளப்பெறப்பட்டது. சில மாநிலங்களே தம் எல்லைக்குள் அத்தகைய கடப்பாட்டை விதித்துள்ளன. எனவே பெரும்பாலான இடங்களில், வைத்தியரின் வாயிலைத் தவிர்த்துச் செல்லும் பெண் விலையின் வாயிலைச் சந்திக்கின்றாள். விலையின் வாயிலைத் தவிர்க்க விரும்புபவள் வைத்தியரிடம் செல்லவேண்டியவளாகின்றாள்.

குறைந்த கட்டணத்தில் அல்லது இலவசமாகக் கருத்தடை வழங்கும் நிலையங்கள் அங்கு இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. 1970 இல் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட சட்டத்தின் பத்தாம் பிரிவின் கீழ் இயங்கும் நிலையங்களில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஆயின் இத்திட்டத்துக்கான நிதி 2015 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 28 கோடி 65 இலட்சம் டொலர் என்ற ஒரே அளவில் நின்றது, விலைவாசியோ நிற்கவில்லை. தொலைவிலுள்ள நிலையத்துக்குச் செல்லப் போக்குவரத்தும், கூலியிழந்த ஒரு நாளும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும். இலவசமாகக் கிடைப்பதைப் பெறுவதற்கும் செலவு உண்டு. அச்செலவை எண்ணிப் பார்த்தே பலர் 20 டொலரை இணையத்திற் செலுத்துகின்றனர்.

4

இனி மெய்யியல் வினாவுக்கு வருவோமாயின், முதலில் எழும் வாதம் இது: சட்டம் எவரையும் தடுக்கவில்லை, கடை எல்லோர்க்கும் திறந்திருக்கின்றது, வாங்க இயலாமை ஒருவரின் வறுமையேயன்றிச் சுதந்திரக் குறைவு அன்று. ஐசையா பேர்லின் 1958 இல் ஆற்றிய ‘சுதந்திரம் பற்றிய இரு கருத்துகள்’ எனும் உரை இவ்வாதத்துக்கு ஆதாரமாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது. பிறர் தலையீடு இன்மையே சுதந்திரத்தின் முதற்பொருள் என அவர் வகுத்தார். ஆயின் அதே உரையில் அவர் ஒரு நுண்ணிய குறிப்பையும் தருகின்றார். ஒருவரின் பொருளின்மை இயற்கையின் குறைபாட்டினால் நேர்ந்ததா, பிற மனிதர் செய்த ஏற்பாடுகளின் விளைவா என்பதைப் பொறுத்தே அது சுதந்திர இழப்பா அன்றா என்பது முடிவாகும் என்பதே அக்குறிப்பு.

இக்குறிப்பை இங்கு பொருத்திப் பார்க்கலாம். மாத்திரையின் விலை மலையையோ கடலையோ போல இயற்கையாக நிற்பதன்று. எந்த மருந்துக்கு எத்தனை ஆண்டு தனியுரிமை, எந்தக் காப்புறுதி எதற்குப் பணம் செலுத்தவேண்டும், எந்த மாநிலத்தில் எவர்க்கு அரச உதவி என்பனவெல்லாம் மனிதரின் தீர்மானங்கள். மாநில எல்லையொன்றின் இருபுறமும் வாழும் இரு பெண்கள் ஒரே வருமானமும் ஒரே உடல்நிலையும் உடையவர்களாக இருந்தும், ஒருத்திக்கு மாத்திரை இலவசமாகவும் மற்றவளுக்கு 240 டொலராகவும் இருக்குமாயின், அவ்வேறுபாட்டை இயற்கையின் மீது சுமத்த இயலாது. ஜி. ஏ. கோகன் இதனை மேலும் ஒருபடி கொண்டுசென்றார். பணமின்மை என்பதே தலையீட்டுக்கு உள்ளாகும் நிலைதான் என்பது அவர் வாதம். பணமின்றிப் புகைவண்டியில் ஏறுபவர் இறக்கிவிடப்படுவார். அவ்வாறே, விலை செலுத்தாது மாத்திரை அட்டையை எடுத்துச் செல்பவளைத் தடுப்பது அவளுடைய பலவீனமன்று; சட்டமே. எனவே சட்டம் எவரையும் தடுக்கவில்லை என்பது முழு உண்மையன்று.

கோகனோடு இவ்வளவு தூரம் உடன்படாதவரும் ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலிற் செய்த ஒரு வேறுபாட்டை ஏற்கலாம். சுதந்திரம் வேறு, சுதந்திரத்தின் பெறுமதி வேறு என்றார் அவர். சுதந்திரம் சட்டத்தினால் எல்லோர்க்கும் சமமாக வழங்கப்படலாம். அதனைப் பயன்படுத்தி ஒருவர் தம் நோக்கங்களை அடையும் ஆற்றல் அவரது செல்வத்தையும் வசதியையும் பொறுத்து வேறுபடும். 1972 ஆம் ஆண்டின் தீர்ப்பு சுதந்திரத்தைச் சமமாக்கியது. அதன் பெறுமதி சமமாகவில்லை. எப்போது தாயாவது என்பதைத் தீர்மானித்தல் கல்வி, தொழில், உடல்நலம், திருமணம் ஆகிய யாவற்றையும் பாதிக்கும் தீர்மானமாதலின், அதன் பெறுமதியில் ஏற்படும் வேற்றுமை ஏனைய பல சுதந்திரங்களின் பெறுமதியிலும் வேற்றுமையை விளைவிக்கின்றது.

விலை ஒருவரின் விருப்பத்தைத் தடுப்பது மட்டுமன்றி, அவ்விருப்பத்தின் வடிவத்தையே மாற்றுகின்றது என்பதற்கும் சான்று உண்டு. 2007 முதல் 2011 வரை சென் லூயிஸ் நகரத்தில் 9,256 பெண்களுக்கு அவர்கள் தெரிவுசெய்யும் எந்தக் கருத்தடை முறையும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 75 வீதத்தினர் கருப்பையுட் சாதனம், தோலின்கீழ் வைக்கும் சாதனம் ஆகிய நீண்டகால முறைகளைத் தெரிந்தனர். தொடக்கத்திற் பெருந்தொகை கேட்கும் இம்முறைகளை அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்களில் மிகச் சிலரே கையாண்டு வந்தனர். அத்திட்டத்தின் ஆலோசகர்கள் நீண்டகால முறைகளின் பயனை எடுத்துரைத்தனர் என்பதும் உண்மை. எனவே எண்ணிக்கை முழுவதையும் விலை நீக்கத்துக்கே உரியதாக்குதல் பொருந்தாது. ஆயினும் மாதந்தோறும் மாத்திரை வாங்கும் பெண்ணைப் பார்த்து, அவள் விரும்பியதும் இதுவே என்று கூறிவிட முடியாது என்பதை இது காட்டுகின்றது. தன் பணப்பைக்கு இயைந்ததை அவள் விரும்பக் கற்றுக்கொண்டிருக்கவும் கூடும்.

5

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம்.

முதலாவது, கருத்தரித்தல் நோயன்று. அதனைத் தவிர்த்தல் சொந்த விருப்பம். சொந்த விருப்பத்தின் செலவை விரும்பியவரே ஏற்கவேண்டும் என்பது. கருத்தரித்தல் நோயன்று என்பது உண்மையே. ஆயின் அது உடலுக்கு அபாயமற்ற நிகழ்ச்சியும் அன்று. அதனைத் தவிர்ப்பதற்கான மாத்திரையின் தேவை ஒருத்தியால் மட்டும் எழுவதில்லை; இருவரின் செயலால் எழும் தேவையின் செலவு ஒருத்தியின் கணக்கில் எழுதப்படுகின்றது. அம்மாத்திரையின் பக்க விளைவுகளைத் தாங்குவதும் அவளே. உடலால் ஏற்கெனவே ஒரு பங்கைச் செலுத்தியவளிடம் பணத்தாலும் முழுப்பங்கையும் கேட்பது எவ்வகைப் பகிர்வு நீதி என்பதை மறுப்போர் விளக்கவேண்டும்.

இரண்டாவது மறுப்பு மனச்சாட்சி பற்றியது. கருத்தடையைப் பாவமெனக் கருதும் ஒருவரை அதற்குப் பணம் செலுத்துமாறு கட்டாயப்படுத்தலாமா? 2014 இல் கைவினைப் பொருள் விற்கும் நிறுவனமொன்றின் உரிமையாளர், சில கருத்தடை முறைகள் தமது சமய நம்பிக்கைக்கு முரணானவை எனத் தொடுத்த வழக்கில், அதியுயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2020 இல் இவ்விலக்கை விரிவாக்கிய விதிகளும் நிலைநிறுத்தப்பட்டன. இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடலாகாது. மனச்சாட்சியை மதியாத சமூகம் பெண்ணின் மனச்சாட்சியையும் நெடுங்காலம் மதிக்கமாட்டாது. ஆயின் ஒரு தொழிலதிபரின் மனச்சாட்சி காப்பாற்றப்படும்போது அதன் செலவு எங்கோ சென்று சேரவே செய்கின்றது. அது அவருடைய தொழிலாளியான பெண்ணிடம் சென்று சேருமாயின், ஒருவரின் நம்பிக்கைக்கு மற்றொருவர் விலை செலுத்துகின்றார் என்பதே பொருள். அச்செலவைப் பொது நிதி ஏற்குமாயின் இருவர் மனச்சாட்சியும் ஓரளவு காக்கப்படும். பிரித்தானியாவில் 1974 முதல் தேசிய சுகாதார சேவை, வயதோ திருமண நிலையோ கேளாது கருத்தடையை இலவசமாக வழங்கி வருகின்றது. அங்கே இச்சிக்கல் தொழிலதிபரின் வாயிலுக்கு வருவதே இல்லை.

6

மூன்றாவது மறுப்பே மிகவும் வலுவுடையது. செலவைப் பொதுநிதி ஏற்றால், பணம் செலுத்துபவர் கட்டளையிடத் தொடங்குவர். பெண்ணுக்கு உதவுவதாக வந்த கை அவள் உடலை ஆளும் கையாக மாறும் என்பது அது. இவ்வச்சம் கற்பனையன்று, மாத்திரையின் வரலாற்றிலேயே அதற்கு வேர் உண்டு.

அம்மாத்திரையை உருவாக்கிய கிறெகரி பின்கசின் ஆய்வுக்கு அரசு பணம் தரவில்லை. மார்கிறற் சங்கரின் தூண்டுதலால் கதறின் மக்கோமிக் எனும் செல்வப் பெண்மணியே பெரும்பணம் ஈந்தார். பெருமளவிலான முதற் பரிசோதனை 1956 இல் புவேர்ட்டோ றிக்கோவில் வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்களிடம் நடத்தப்பட்டது. மாத்திரை கருத்தரிப்பைத் தடுக்கும் என்பது அவர்களுக்குக் கூறப்பட்டது. தாம் ஒரு பரிசோதனையிற் பங்குகொள்கின்றோம் என்பது உரியவாறு கூறப்படவில்லை. ஓமோனின் அளவு இன்றுள்ளதைவிடப் பன்மடங்கு கூடியதாயிருந்தது. பரிசோதனையை நடத்திய வைத்தியர் எட்ரிஸ் றைஸ்-ரே பக்க விளைவுகள் மிகையென அறிக்கையிட்டும் அது அலட்சியப்படுத்தப்பட்டது. அப்பெண்கள் மாத்திரைக்கு ஒரு சதமும் செலுத்தவில்லை. இலவசமாகப் பெறுதலும் சுதந்திரமாக இருத்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இது மாத்திரையோடு நின்றுவிடவுமில்லை. 1973 இல் அலபாமாவில், மத்திய அரசின் நிதியோடு இயங்கிய நிலையமொன்றின் வழியாக, பதினான்கும் பன்னிரண்டும் வயதான கறுப்பினச் சகோதரியர் இருவர்க்கு, எழுதப்படிக்கத் தெரியாத தாயிடம் கைக்குறி பெற்று, மலடாக்கும் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. 1990 டிசம்பரில் தோலின்கீழ் வைக்கும் ‘நோர்பிளான்ற்’ சாதனம் அங்கீகாரம் பெற்ற சில நாள்களுள், வறிய கறுப்பினப் பெண்கள் அதனை ஏற்கத் தூண்டுதற் பணம் தரலாம் என பிலடெல்பியா நாளிதழ் ஒன்று தலையங்கம் எழுதிப் பின்னர் மன்னிப்புக் கேட்டது. மறுமாதமே கலிபோர்னியாவில் நீதிபதி ஒருவர், பிள்ளைகளை அடித்த குற்றத்துக்கு உள்ளான பெண்ணுக்கு, நன்னடத்தைக் கால நிபந்தனைகளுள் ஒன்றாக அச்சாதனத்தை விதித்தார்.

இவற்றை நோக்குமிடத்து, வறியவளுக்கு மாத்திரை வழங்குவது பற்றிய வாதங்களுள் ஒன்றை மிகுந்த எச்சரிக்கையோடு கையாளவேண்டும் என்பது தெளிவாகும். ஒரு டொலர் கருத்தடைக்குச் செலவிட்டால் அரசுக்குப் பல டொலர் மிச்சமாகும் என்பதே அவ்வாதம். நல்நோக்குடையோர் பலர் இதனை எடுத்துரைக்கின்றனர். கணக்கு சரியாகவும் இருக்கலாம். ஆயின் அவ்வாதத்தை ஏற்றால், மாத்திரை வழங்குவதன் காரணம் அவளது விருப்பம் அன்று, கருவூலத்தின் இலாபம் என்றாகிவிடும். இலாபமே காரணமாயின், அவள் குழந்தை பெற விரும்பும் நாளில் அதே வாதம் அவளுக்கு எதிராகத் திரும்பும். ‘வேண்டாம்’ என்றபோது துணைநின்ற கை ‘வேண்டும்’ என்றபோது விலகிவிடுமாயின், அது அவளுடைய சுதந்திரத்துக்குத் துணைநின்ற கையன்று.

ஆயின் இம்மறுப்பிலிருந்து பெறப்படும் முடிவு, பொதுநிதி விலகிக்கொள்ள வேண்டும் என்பதன்று. விலகிக்கொண்டால் மூன்றாம் வாயிலே எஞ்சும். அவ்வாயிலும் கட்டளையிடவே செய்கின்றது. பணமில்லாத பெண்ணிடம் சந்தை, ‘கருத்தரித்தாலும் சரியே’ என்று சொல்லாமற் சொல்கின்றது. பெறத்தக்க முடிவு யாதெனின், செலவை ஏற்பவர் தெரிவை ஏற்கலாகாது என்பதே. மாத்திரையா, நீண்டகாலச் சாதனமா, எதுவுமே வேண்டாமா என்பவற்றுள் எதனைத் தெரிந்தாலும் உதவி ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். குழந்தை பெறுவதைத் தெரிந்தாலும் அவ்வாறே.

7

இணையத்தில் மலிவாகக் கிடைத்தலே இச்சிக்கலைத் தீர்த்துவிடும் எனக் கருதுவோரும் உளர். விலை மேலும் குறைந்தால் போதாதா என்பது அவர்களது வினா. இங்கே மருத்துவ உண்மை ஒன்று குறுக்கிடுகின்றது. ஈஸ்ரோஜெனும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் உயர் இரத்த அழுத்தமுடையோர்க்கும், முன்னர் இரத்தக் கட்டி ஏற்பட்டோர்க்கும், முப்பத்தைந்து வயதைக் கடந்த புகைபிடிப்போர்க்கும் ஆபத்து விளைவிக்கக்கூடியவை. இணைய வினாத்தாள் இரத்த அழுத்தத்தைக் கேட்கின்றது. காப்புறுதி இல்லாதவள் அதனை எப்போது, எங்கே அளந்தாள்? அளவாத எண்ணை ஊகித்து எழுதுபவள் ஆலோசனைக் கட்டணத்தில் மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு தன் உடலைப் பணயம் வைக்கின்றாள்.

1969 இல் பார்பரா சீமன் மாத்திரையின் தீங்குகளை விளக்கி நூல் எழுதியதையும், 1970 இல் செனற் சபையில் அதுபற்றிய விசாரணை நடந்தபோது, மாத்திரை உட்கொண்ட பெண் ஒருவர்கூடச் சாட்சியத்துக்கு அழைக்கப்படவில்லை என இளம்பெண்கள் எழுந்து குரலெழுப்பியதையும் இங்கு நினைவுகூரலாம். அதன் பயனாகவே மாத்திரைப் பெட்டியில் அபாயங்களைக் கூறும் துண்டுப் பிரசுரம் இடம்பெற்றது. அப்பெண்கள் கேட்டது மாத்திரையைத் தடைசெய்யுமாறு அன்று. தாம் உட்கொள்வது யாது என்பதை அறியும் உரிமையையே கேட்டனர். அறிவோடு கூடாத தெரிவும் முழுமையான தெரிவன்று. ஆகவே மாத்திரையின் விலை மட்டும் இறங்கி, இரத்த அழுத்தத்தை அளப்பதற்கும் ஐயத்தைக் கேட்பதற்குமான விலை ஏறியிருக்குமாயின் பயன் குறைவே. சீட்டின்றி விற்கப்படும் மாத்திரையில் ஈஸ்ரோஜென் இல்லாமையால் இவ்வபாயங்கள் அதிற் குறைவு. ஆயின் அது ஒவ்வாதவளுக்கு வேறு வழி திறந்திருத்தல் வேண்டும்.

8

தொகுத்து நோக்குமிடத்து, மாதத்துக்கு இருபது டொலர் என்பது பெருந்தொகையா சிறுதொகையா எனும் வாதம் பயனற்றது. அது ஒருத்திக்குச் சிறுதொகை. மற்றொருத்திக்கு மூன்று மணிநேரம். எல்லோர்க்கும் உரியதென ஒரு நாடு தன் அதியுயர் நீதிமன்றத்தின் வாயிலாக அறிவித்த சுதந்திரமொன்றைப் பயன்படுத்துவதற்கு, அந்நாட்டின் ஏற்பாடுகளாலேயே வகுக்கப்பட்ட விலையை, மிகக் குறைந்த பொருளுடையோர் மிகக் கூடுதலாகச் செலுத்துகின்றனர். நீதியின் பிரச்சினை தொகையில் அன்று, இவ்வமைப்பிலே உள்ளது.

விலையுடையவற்றுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புடையவற்றுக்கு ஈடில்லை எனும் பாகுபாட்டை இமானுவேல் காண்ற் 1785 இல் வெளியான தம் ஒழுக்க மெய்யியல் நூலில் வகுத்தார். மாத்திரை விலையுடைய பொருள். அதனை உற்பத்தி செய்வோரும் அனுப்புவோரும் கூலி பெறவேண்டியவர்களே. எப்போது தாயாவது என்பதைத் தானே தீர்மானித்தல் மாண்பைச் சார்ந்தது. விலையுடைய பொருளின் ஊடாகவே மாண்பைச் சார்ந்த செயல் நிகழவேண்டியிருத்தல் இக்காலத்தின் இக்கட்டு. அப்பொருளின் விலையை எல்லோரும் பகிர்ந்து, அச்செயலை அவளிடமே விட்டுவைத்தல் இவ்விக்கட்டினின்றும் வெளியேறும் வழியாகும். முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்ததன் விளைவைப் புவேர்ட்டோ றிக்கோவும் அலபாமாவும் கண்டன. இரண்டாவதை மட்டும் பேசி முதலாவதை மறந்ததன் விளைவை, சம்பள நாள்வரை வெற்று அட்டையோடு காத்திருக்கும் பெண் இன்று காண்கின்றாள்.